பூட்டிக் கிடந்த வீடுகள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் புள்ளியம்மா. புள்ளிவிவரத் துறையில் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் என்பதால் மரியாதையாக வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கேலியாக வைத்ததுதான். வைத்தவர்களில் பாதிப்பேர் பின்னால் அவளிடமே கையெழுத்துக்கு வந்து நின்றார்கள், அது வேறு கதை. அவளுக்கோ அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. தொலைபேசியை எடுத்தாலே, "புள்ளியம்மா பேசறேன், சொல்லுங்க" என்பாள். கேலி செய்தவர்கள் முகத்தில் ஈயாடாது.

அவள் அப்பா தையல்காரர். ஒரு வருடம் பள்ளிக்கூடச் சீருடை மொத்தமும் தைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. மனுஷன் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தார். எல்லாப் பிள்ளைகளையும் அளந்து, கூட்டி, வகுத்து, வந்த சராசரி அளவில் அத்தனை சட்டையையும் வெட்டித் தள்ளிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வந்து நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே! நெட்டைப் பையன்களுக்குத் தொப்புள் தெரிந்தது, குட்டைப் பையன்களுக்குக் கையே காணாமல் போனது. ஒரே ஒரு பிள்ளைக்காவது பொருந்தியதா என்றால் அதுவும் இல்லை. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, மூன்றாம் வகுப்பு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க அளந்ததுல தப்பே இல்லப்பா. சராசரிப் பையன்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல, அதான்!"

முதுகில் ஒன்று விழுந்தது. விழுந்தால் என்ன, அன்றைக்குப் பிடித்த எண் பைத்தியம் அவளை விடவே இல்லை.

கல்லூரியில் புள்ளியியல் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அந்த மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இரண்டு மாடி இறங்கி, முற்றத்தைத் தாண்டி, நூலகத்துக்குப் பின்னால் போக வேண்டும். திரும்பி வருவதற்குள் பேராசிரியர் ஒரு தேற்றத்தை நிறுவி, பலகையைத் துடைத்தும் முடித்திருப்பார். விடுவாளா? விட்டுப்போனதை வீட்டில் தானே போட்டுப் பார்த்து, மறுநாள் பலகையில் எழுதிக் காட்டினாள். அவருடையதைவிட அது பாதி நீளம்.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எதுலயும் இல்ல சார். நான் வர்றதுக்குள்ள நீங்க முடிச்சிட்டீங்க, வேற வழி தெரியல."

வேலையில் சேர்ந்ததும் அவளை உட்கார வைத்த இடம் கணக்கு அறை. கைப்பிடி போட்ட கணக்கு இயந்திரங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண். காலையிலிருந்து சாயங்காலம் வரை கடகடவென்று சுற்ற வேண்டும், வந்த எண்ணை எழுத வேண்டும். எதற்கு, யாருக்கு என்று கேட்கக்கூடாது. இவளுக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்டாள். கேட்கக் கேட்க ஒரு விஷயம் புரிந்தது. இந்தத் துறை எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் ஊரில் உள்ள கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் தட்டிக் கூட்டி முடித்து அறிக்கை வெளிவரும்போது, பதில் சொன்ன குழந்தைகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

"எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். சீட்டுப் போட்ட மாதிரி கொஞ்சம் வீட்டை எடுப்போம். யார் வீடு வரும்னு நமக்கே தெரியக்கூடாது, அதுதான் முக்கியம்" என்று போய் நின்றாள்.

"ஊரையே கேக்காம ஊரைப் பத்திச் சொல்றதா? நல்லா இருக்கே!" என்று சிரித்தார் இயக்குநர். துறைக்கே பெரியவர் அவர். பயந்த சுபாவம், ஆனால் கெட்டவர் இல்லை.

"ரத்தம் சோதிக்கணும்னா உடம்புல இருக்கிற ரத்தம் பூராத்தையுமா சார் உறிஞ்சறாங்க?"

இயக்குநர் அன்றைக்குத்தான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த மாதம் மாதிரிக் கணக்கெடுப்பு என்று புதிதாக ஒரு பிரிவு தொடங்கி, அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குக் கல்யாணமாகி, கணவர் ரயில் ஓட்டுநர், இரண்டு வயதில் ஒரு மகள். நகரத்தின் ஓரத்தில் வரிசை வரிசையாக எழும்பிய புதுக் குடியிருப்பில் வீடு. அந்தக் குடியிருப்பில் நகர மன்றம் நடத்தும் குழந்தைகள் காப்பகங்கள் இருந்தன. விடிவதற்கு முன்னாலேயே திறந்துவிடுவார்கள். அம்மாக்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே பஸ்ஸுக்கு ஓடுவார்கள். புள்ளியம்மாவும் அப்படி ஓடுகிறவள்தான்.

அந்த நகர மன்றம்தான் துறையிடம் ஒரு கேள்வி கேட்டது. சின்னக் குழந்தை உள்ள அம்மாக்களில் எத்தனை பேர் வெளியே வேலைக்குப் போகிறார்கள்? நிறையப் பேர் என்றால் காப்பகங்கள் தொடரும், கொஞ்சம் பேர் என்றால் மூடிவிடலாம். அவசரம், சீக்கிரம் வேண்டும் என்றார்கள்.

புள்ளியம்மா கிடுகிடுவென்று திட்டம் போட்டாள். வீடுகளை எண்போட்டுக் குலுக்கி எடுத்தாள். கள அலுவலர்களுக்கு விதிகள் எழுதினாள். அதில் ஒரு வரி: வீடு பூட்டியிருந்தால், குழந்தை உள்ள அடுத்த வீட்டில் கேட்டு வரவும். நேரம் மிச்சமாகுமே என்று எழுதினாள். இரண்டாவது தடவை யோசிக்கக்கூட இல்லை.

சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிவு வந்தது. பத்தில் ஒருத்திதான் வேலைக்குப் போகிறாள்! இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு வேகமாக ஒரு அறிக்கையை அந்தத் துறை கொடுத்ததே இல்லை. துணை இயக்குநர் பதவிக்கு அவள் பெயரை எழுதியே வைத்துவிட்டார். நகர மன்றம் காப்பகங்களை மூட நாள் குறித்தது. மன்ற உறுப்பினரான இரும்புக்கடைக்காரர் அந்தக் கட்டடங்களைக் கிடங்காக்க அளவெடுத்துவிட்டுப் போனார்.

மகளின் காப்பகமும் அதில் ஒன்று. அது மூடினால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை, அவள் வேலையை விட வேண்டியதுதான். அவளுக்கு அது தெரியாமல் இல்லை.

"காலங்காத்தால காப்பகத்து வாசல்ல நிக்கிற கும்பலைப் பாத்தா பத்துல ஒருத்தி மாதிரி தெரியலையே" என்றார் கணவர், பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

"கண்ணால பாக்கிறதெல்லாம் கணக்காயிடுமா? என் பிள்ளைக்கு வேணுங்கிறதுக்காக நான் எண்ணை மாத்த முடியாது. உங்களுக்கு ரயில் ஓட்டத் தெரியும்ல, அதோட நிறுத்திக்குங்க."

அவர் அடுத்த காலின் கயிற்றைக் கட்டினார். மனைவியை எதிர்த்துப் பேசி ஜெயித்த அனுபவம் அவருக்கு இல்லை.

ஒரு விடுமுறை நாளில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டு அக்காவும் துணியோடு வந்தாள். அவளுக்கும் சின்னப் பையன் ஒருவன், வீட்டோடு இருப்பவள்.

"ஏம்மா, காப்பகத்தை மூடப் போறாங்களாமே? உங்க ஆபீஸ்தான் கணக்கெடுத்துச் சொல்லிச்சாமே? என்கிட்டகூட வந்து கேட்டாங்க."

"உங்க வீடும் குலுக்கல்ல வந்துச்சா அக்கா?"

"என் வீடு எங்க வந்துச்சு? கணக்கெடுக்க வந்த பொண்ணு உன் வீட்டைத் தேடித்தான் வந்துச்சு. உன் வீடு பூட்டியிருந்துச்சு, நீ வேலைக்குப் போயிட்டே. சரின்னு என்கிட்ட, 'நீங்க வேலைக்குப் போறீங்களா'ன்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். எழுதிக்கிட்டுப் போயிடுச்சு."

புள்ளியம்மாவின் கையிலிருந்த ஈரத் துணி கீழே விழுந்தது.

"என்னம்மா ஆச்சு? மயக்கமா?"

"அக்கா! நான் வேலைக்குப் போறேன், அதனால வீடு பூட்டியிருந்துச்சு. பூட்டியிருந்ததால என்னை எண்ணல. எனக்குப் பதிலா உங்களை எண்ணிட்டாங்க!"

"அதத்தானே நானும் சொன்னேன்?"

"எல்லா வீட்டுலயும் இதேதான் அக்கா நடந்திருக்கும்! வேலைக்குப் போறவளையெல்லாம் நானே விரட்டிட்டு, வீட்ல இருக்கிறவங்களா பாத்துப் பொறுக்கியிருக்கேன்! ஐயோ, என்ன ஒரு முட்டாள் நான்!"

ஐயோ என்றாளே தவிர அவள் அழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. செய்த தப்பை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அந்தத் தப்பு இவ்வளவு தெளிவாகப் பிடிபட்டதை நினைத்தால் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும்விட்டாள். கீழ்வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் கள அலுவலர்களைக் கூப்பிட்டாள். அவர்களில் துடிப்பானவளுக்கு சைக்கிள் என்று பெயர், சைக்கிளை விட்டு அவள் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"எத்தனை வீடு பூட்டியிருந்துச்சு?"

"ஏகப்பட்டது மேடம். பாதி இருக்கும்" என்றாள் சைக்கிள். "அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தீங்களே, போயிட்டோம்."

பாதி! புள்ளியம்மா நேராக இயக்குநர் அறைக்குள் புகுந்தாள். விஷயத்தைக் கேட்ட இயக்குநர் முதலில் போய்க் கதவைச் சாத்தினார்.

"அறிக்கை போயிடுச்சும்மா. பத்திரிகையில வந்தாச்சு. இப்பப் போய் தப்புன்னு சொன்னா துறையோட மானம் கப்பலேறிடும். போதாததுக்கு உங்க பொண்ணும் அந்தக் காப்பகத்துலதான் இருக்கா. 'தன் பிள்ளைக்காக மாத்திட்டா'ன்னு ஊரே பேசும்."

"பேசும் சார். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். பூட்டியிருந்த வீடுகள்ல கொஞ்சத்தை மட்டும் மறுபடி எடுப்போம். எந்த வீடுன்னு நான் எடுக்க மாட்டேன். நீங்க எடுங்க."

"நானா?"

"நீங்கதான். கண்ணை மூடிக்கிட்டு."

இயக்குநர் தயங்கினார், முணுமுணுத்தார், கடைசியில் குலுக்கலுக்கென்று எண்களைத் தாறுமாறாக அச்சடித்த அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பென்சிலை வைத்தார். வைத்த இடத்திலிருந்து வரிசையாக எண்களைப் படித்தார், அந்த எண்ணுள்ள வீடுகளை அவள் குறித்துக்கொண்டாள். பாதியில் நிறுத்தி, "பூட்டியிருந்ததுல உங்க வீடும் இருக்கே, அதை நீக்கிடலாமா?" என்றார்.

"நீக்கவும் கூடாது சார், சேக்கவும் கூடாது. வந்தா வரட்டும்."

வரவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

இந்தத் தடவை விதி ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டு அம்மாவையே பார்க்கும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும், அடுத்த வீடு என்ற பேச்சே கிடையாது. மன்றம் கூடுவதற்குள் முடித்தாக வேண்டும். விடியும் முன்பும் பொழுது சாயும்போதும் சைக்கிளும் புள்ளியம்மாவும் படி ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். தலைமுடியில் மாவு ஒட்டிய ரொட்டிக்கடைக்காரி கதவைத் திறந்தாள். மருத்துவமனைத் தாதி ஒருத்தி நின்றபடியே தூங்கிக்கொண்டு பதில் சொன்னாள். துணி ஆலைக்காரி ஒருத்தி கையில் பிள்ளை, தோளில் பை, வாயில் சீப்புமாக வெளியே பாய்ந்தாள்.

"நிக்க நேரமில்லீங்க, பஸ் போயிடும்!"

"நிக்க வேணாம், நாங்க கூடவே ஓடி வர்றோம்!"

ஓடினார்கள்! குழந்தையின் வயது காப்பகத்து வாசலில், ஆலையின் பெயர் தெருமுனையில், மீதிக் கேள்விகள் பஸ்ஸுக்குள் என்று ஆனது. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே புள்ளியம்மா எழுதினாள். சைக்கிள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சைக்கிளை மறந்து பஸ் ஏறியிருந்தாள். "இந்த பஸ் பூரா நம்ம பூட்டின வீடுதான் மேடம்!" என்று அவள் கத்த, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கடைசி விவரம் வந்து சேர்ந்த மத்தியானம் அலுவலகம் விடுமுறை. புள்ளியம்மா எண்களைச் சொல்ல, வேறு ஆள் இல்லாததால் இயக்குநரே கோட்டைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைச் சுற்றினார். சுற்றி முடித்து, வந்த எண்ணைப் பார்த்து, நம்பாமல் மறுபடி முதலிலிருந்து சுற்றினார்.

"பூட்டின வீட்ல பத்துக்கு எட்டும்மா! மொத்தமாச் சேத்துப் பாத்தா பாதியை நெருங்குது!"

"ஆமா சார்!"

"பத்துல ஒண்ணுன்னு சொன்னோமேம்மா!" என்றவர் எழுந்து அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பயந்த மனிதர்தான், ஆனால் அவரும் கணக்குக்காரர் அல்லவா, முகம் பளபளத்தது. பிறகுதான் பயம் திரும்பி வந்தது. "ஒண்ணு செய்வோம். கள அலுவலர்கள் சரியாப் போகலைன்னு எழுதிடுவோம். உங்க பதவிக்கும் பழுது வராது."

"அவங்க நான் சொன்னதை அப்படியே செஞ்சாங்க சார். விதி என்னோடது. அப்படியே எழுதணும்."

"துணை இயக்குநர் நாற்காலி போயிடும்மா."

"போகட்டும் சார்."

போயே போய்விட்டது. நாற்காலி வேறொருவருக்குப் போனது, அவள் அதில் உட்காரப் பல வருடம் ஆயிற்று. அன்றைக்கு வீட்டில் அதை நினைத்துக் கொஞ்சம் அழுதாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நல்ல மனுஷன்.

நகர மன்றம் கூடியது. புள்ளியம்மா எழுந்து, முதல் அறிக்கை தப்பு, தப்பு தன்னுடையது, எப்படி நடந்தது, இப்போது வந்த எண் என்ன என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மன்றத்தில் ஒரே சலசலப்பு. இரும்புக்கடைக்காரர் எழுந்தார். கெட்டிக்காரப் பேச்சாளர்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு வேற ஒண்ணு சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்களோ! சரி, உங்க எண்ணையெல்லாம் விடுங்கம்மா. நான் கண்ணால பாக்கிறதைச் சொல்றேன். காப்பகத்தை மூடப் போறோம்னு ஊர் பூரா அறிவிப்பு ஒட்டியாச்சு. ஆட்சேபணை இருக்கிறவங்க இந்தக் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம்னும் போட்டாச்சு." பொதுமக்கள் உட்காரும் பக்கம் கையை நீட்டினார். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. "இத்தனை ஆயிரம் அம்மாக்களுக்குக் காப்பகம் வேணுமாம். ஒரே ஒரு அம்மாகூட வரலையே, ஏன்?"

மன்றம் சிரித்தது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். புள்ளியம்மா அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். பார்த்ததும் உள்ளே குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இப்ப மணி என்ன?"

இரும்புக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு. அதுக்கென்ன இப்ப?"

"வேலை நாள், காலைல பதினோரு மணி. அவங்க வேலைல இருக்காங்கய்யா! நான் பூட்டின கதவைப் பாத்து ஆளில்லைன்னு எழுதினேன். நீங்க காலி பெஞ்சைப் பாத்து ஆளில்லைங்கறீங்க. ஒரே தப்புதான். நான் செஞ்சிட்டு அவமானப்பட்டு நிக்கறேன், நீங்களும் படணுமா? கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு வைங்க. அப்பவும் பெஞ்சு காலியா இருந்தா, காப்பகத்துச் சாவியை நானே உங்க கையில குடுக்கறேன்."

மன்றத் தலைவர் பேனாவை மூடி வைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சைக்கிள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாள். மறுநாள் ஐந்தரைக்கெல்லாம் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. ஆறு மணிக்குப் படிக்கட்டு நிறைந்தது. ஆலைத் துணிப்பஞ்சு தலையில் ஒட்டியபடி, தாதி உடுப்போடு, நடத்துநர் பையோடு, இடுப்பில் பிள்ளைகளோடு வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு குழந்தை மன்றத் தலைவரின் மேசைக்கு அடியில் புகுந்து வெளியே வர மறுத்தது. இரும்புக்கடைக்காரர் இடமில்லாமல், ஒரு கர்ப்பிணிக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். பேச வேண்டியதே இருக்கவில்லை. காப்பகங்கள் தொடரும் என்று கை தூக்கினார்கள். நின்றுகொண்டிருந்த இரும்புக்கடைக்காரரும் தூக்கினார். அரங்கம் அதிர்ந்தது. இயக்குநர் சின்னப் பையன் மாதிரி கைதட்டினார்.

தலைவர் அந்தச் சத்தத்தில் அவள் பக்கம் குனிந்து, "ஜெயிச்சிட்டீங்கம்மா! இவ்வளவு கூட்டத்தை நான் பாத்ததே இல்ல. எல்லாரும் வந்துட்டாங்க போலிருக்கு!" என்றார்.

புள்ளியம்மா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எக்கி எக்கி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்கய்யா, சாயங்கால ஷிப்டுக்காரங்க ஒருத்தர்கூட வரல" என்றாள். "சைக்கிள், இங்க வா! அவங்க எப்ப வீட்ல இருப்பாங்க?"